வாள்வித்தை கற்க எதில் தொடங்கலாம்: சுவடியா, கிளப்பா, வீடியோவா?

இந்த வித்தையைப் புத்தகத்தில் கற்க முடியுமா, ஆளிடம்தான் கற்க வேண்டுமா என்ற கேள்விக்கு வயது அறுநூறு. 1400-களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிரியூலி பகுதியைச் சேர்ந்த ஃபியோரே தேய் லிபெரி என்ற ஆசான் ஒரு நூல் எழுதினார். புத்தகம் இல்லாமல் இந்தக் கலையில் ஒருவரும் நல்ல ஆசானாகவோ நல்ல மாணவனாகவோ ஆக முடியாது என்று தன் மாணவர் கலெயாட்ஸோ சொன்னதை முன்னுரையில் எடுத்துக்காட்டி, அது உண்மை என்கிறார். அந்தக் கலெயாட்ஸோ சாதாரண ஆள் இல்லை. 1395-இல் பாதுவாவில் பிரெஞ்சு மார்ஷல் பூசிக்கோவுக்கு எதிராகக் களம் இறங்கியவர். ஏறக்குறைய அதே காலகட்டத்தில் ஜெர்மன் மொழியில் எழுதிய, பெயர் தெரியாத இன்னொருவர் நேர் எதிராகச் சொன்னார்: சண்டையை எழுத்தில் விளக்குவதைவிடக் கையால் காட்டுவதுதான் தெளிவாக விளங்கும். அவர் எழுதியது இன்று நியூரம்பர்க் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் 3227ஏ என்ற எண்ணோடு இருக்கிறது.

நான் ஆறு வருடமாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், செவ்வாய்க்கிழமை இரவுகளில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் லாங்ஸ்வார்ட் பழகுகிறேன். இரண்டு கையாலும் பிடிக்கும் நீண்ட வாள் அது; 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கியது. இந்தத் துறைக்கு வரலாற்று ஐரோப்பியப் போர்க்கலைகள் என்று பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கமான ஹெமா என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தொடங்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது எந்த வாள் வாங்கலாம் என்று. வாள் கடைசியில் வரட்டும். அதற்கு முன் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். எந்த ஆசானுடைய நூலைப் பிடித்துக்கொள்வது? அந்த நூலை யார் துணையோடு, எந்த வழியில் படிப்பது?

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்தக் கலைக்கு அறுபடாத குரு பரம்பரை கிடையாது. லாங்ஸ்வார்டை அப்பனிடமிருந்து மகன், ஆசானிடமிருந்து மாணவன் என்று இன்றுவரை கைமாற்றிக் கொண்டு வந்த குடும்பம் எதுவும் இல்லை. இன்று உலகத்தில் யார் இதைச் சொல்லிக் கொடுத்தாலும், சுவடியைப் படித்து, உடம்பில் போட்டுப் பார்த்து, தோற்று, திருத்திக் கொண்டதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார். கிளப், வீடியோ, விளக்க நூல் எல்லாமே யாரோ ஒருவர் சுவடிக்குப் பொருள் கொண்ட விதம். அதனால் எந்த வழியை எடை போட்டாலும் நான் ஒன்றைக் கேட்பேன்: இது என்னை மூலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது?

நான்கு வாசல்கள்

கிடைத்திருக்கும் சண்டை நூல்களில் மிகப் பழையது ஐ.33 என்று அழைக்கப்படும் லத்தீன் சுவடி. 1300-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. ஜெர்மனியின் கோத்தாவில் இருந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமல் போய், 1950-இல் ஏலத்துக்கு வந்தபோது பிரிட்டனின் ஆயுத அருங்காட்சியகமான ராயல் ஆர்மரீஸ் வாங்கியது. இப்போது லீட்ஸில் இருக்கிறது. ஒரு கையில் வாள், மறு கையில் பக்ளர் எனப்படும் சிறிய வட்டக் கேடயம். சொல்லிக் கொடுப்பவர் ஒரு பாதிரியார், கற்பவன் ஒரு மாணவன். கடைசிப் பக்கங்களில் மாணவனின் இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண் கையில் வாளோடு நிற்கிறாள். அவள் யார் என்று சுவடி சொல்வதில்லை. 32 ஏடுகள்தான், ஆனால் அவளுக்காகவே நான் அதை அடிக்கடி புரட்டுவேன்.

இருந்தாலும் முதல் நூலாக ஐ.33-ஐ எடுக்காதீர்கள். ஏழு நிலைகளைச் சொல்லி, எதிராளி இந்த நிலையில் நின்றால் நீ இப்படி மறித்து நில் என்று தொடங்கி, நேரே வாளும் வாளும் ஒட்டி நிற்கும் நுணுக்கத்துக்குள் போய்விடுகிறது. எப்படி நடப்பது, எப்படி வெட்டுவது என்பதெல்லாம் தெரிந்த ஆளுக்காக எழுதியது அது. சில ஏடுகள் விடுபட்டிருக்கின்றன, வரிசையும் கலைந்திருக்கிறது. அதன் படங்களில் கால் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியே விவாதம் இன்னும் ஓயவில்லை.

இரண்டாவது வாசல் ஜெர்மனியின் யோஹானஸ் லீக்டெனாவர். 14-ஆம் நூற்றாண்டு ஆசான். அவருடையதாக நம்மிடம் இருப்பது எதுகையோடு அமைந்த செய்யுள்கள். கண்டவன் கையில் சிக்கினால் விளங்கக் கூடாது என்பதற்காகவே பூடகமாகப் பாடி வைத்தவை. நம் சித்தர் பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதாக இருக்காது. பாட்டுக்குப் பின்னால் வந்த மாணவர்கள் உரை எழுதினார்கள். ரிங்கெக்கின் பெயரில் ஒன்று, 1452-இல் எழுதப்பட்டு, இப்போது ரோமில் இருக்கும், பீட்டர் ஃபான் டான்சிக் சுவடி என்று வழங்கப்படுவதில் ஒன்று, இப்படிப் பல. லீக்டெனாவரைப் படிப்பது என்றால் மூலத்தையும் உரையையும் சேர்த்துப் படிப்பதுதான்.

அமைப்பு கச்சிதமானது. நான்கு நிலைகள்: எருது, ஏர், மடையன், மேலிருந்து. ஐந்து தலைமை வெட்டுகள். அப்புறம் காலத்தைப் பற்றிய மூன்று சொற்கள்: முன், பின், அதே கணம். எதிராளியின் வாளோடு நம் வாள் ஒட்டியிருக்கும்போது அவன் அழுத்துகிறானா, தளர்த்துகிறானா என்று கைவழியே உணர்வதை அவர்கள் தனிச் சொல் வைத்தே அழைத்தார்கள். அந்த உணர்வைப் பொறுத்துத்தான் அடுத்த அசைவு. எதிராளியின் வெட்டைத் துரத்திக்கொண்டே இருப்பவனுக்கு இந்தக் கலையால் சந்தோஷம் கிடைக்காது என்று ஒரு வரி வருகிறது. முதல் வருடம் முழுக்க நான் துரத்திக்கொண்டுதான் இருந்தேன்.

இதில் உள்ள சிக்கல், இதன் சாரம் இன்னொருவர் இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது. வாளின் அழுத்தத்தைத் தனியாக நின்று உணர முடியாது. ஆனால் உலகத்தில் அதிகக் கிளப்புகள் பழகுவது இந்த மரபைத்தான். மொழிபெயர்ப்பும் வீடியோவும் விவாதமும் இதற்குத்தான் அதிகம். ஆள் இருந்தால் லீக்டெனாவர் பெரிய கொடை.

மூன்றாவது, ஃபியோரே. இதை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருடைய நூலுக்கு நான்கு பிரதிகள் கிடைத்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் ஒன்று, நியூயார்க் மார்கன் நூலகத்தில் ஒன்று, பாரிஸ் தேசிய நூலகத்தில் ஒன்று. தனியாரிடம் இருக்கும் பிசானி டோசி பிரதியை 1902-இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார்கள். கெட்டி பிரதியின் பக்கங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஃபியோரேவின் நூல் வாளில் தொடங்குவதில்லை. மல்லுப்பிடியில் தொடங்கி, குத்துவாளுக்குப் போய், ஒரு கை வாள், இரு கை வாள், கவசம் அணிந்த சண்டை, ஈட்டி, குதிரை மேல் சண்டை என்று நகர்கிறது. கையைப் பிடித்து முறுக்கிய அதே அறிவு பின்னால் வாளிலும் வருகிறது. நிலைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் மனசில் ஒட்டிக்கொள்பவை: இரும்புக் கதவு, பெண் நிலை, சாளரம், நீண்ட வால், காட்டுப்பன்றியின் பல். ஒரு பக்கத்தில் நடுவில் ஒரு மனிதன், அவனைச் சுற்றி வாள்கள், நான்கு திசையிலும் நான்கு விலங்குகள். தலைக்கு மேல் கவராயம் பிடித்த லின்க்ஸ் பூனை விவேகத்துக்கு, இதயம் ஏந்திய சிங்கம் துணிவுக்கு, அம்போடு புலி வேகத்துக்கு, முதுகில் கோட்டை சுமந்த யானை உறுதிக்கு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தனியாகப் படிப்பவருக்கு ஃபியோரே செய்து வைத்திருக்கும் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. அவருடைய படங்களைப் படிக்க இலக்கணம் இருக்கிறது. தலையில் பொன் கிரீடம் வைத்தவர் ஆசான். தாக்குதலை முறியடிக்கும் முதல் அசைவைக் காட்டுபவர் அவர். முழங்காலுக்குக் கீழே பொன் பட்டை கட்டியவன் மாணவன். ஆசான் தொடங்கியதைத் தொடர்ந்து முடிப்பவன். கிரீடமும் பட்டையும் ஒருவரிடமே இருந்தால் அவர் மாற்று ஆசான்; முறியடிப்பையே முறியடிப்பவர். ஆக, படத்தைப் பார்த்ததும் யார் ஜெயிக்கிறார், இது ஒரு தொடரின் எந்த இடம் என்பது தெரிந்துவிடும். எழுத்து நான்கைந்து வரிதான். குத்துவாள் பகுதியின் முதல் ஆசானைப் பாருங்கள். மேலிருந்து குத்து வருகிறது; அவர் இடது கையை நீட்டி மணிக்கட்டைப் பிடிக்கிறார். அவ்வளவுதான் படம். அடுத்தடுத்த படங்களில் பொன் பட்டை கட்டியவர்கள் அதே பிடியிலிருந்து கத்தியைப் பறிப்பதும் கையைப் பூட்டுவதும் வருகின்றன. நானும் என் மனைவியும் ஒரு மரக்கரண்டியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைச் சமையலறையிலேயே செய்து பார்த்தோம். மூன்றாவது முயற்சியில் கரண்டி கையை விட்டு வந்துவிட்டது. நான் பார்த்தவரையில் வேறெந்தச் சுவடியும் முதல் நாளிலேயே இப்படிக் கைக்கு எட்டுவதில்லை.

நான்காவது, யோவாகிம் மையர். கறாராகப் பார்த்தால் இடைக்காலம் அல்ல. 1570-இல் ஸ்ட்ராஸ்பர்கில் அச்சான நூல். மையர் தொழிலால் கத்தி செய்பவர். செலவுக்குக் கடன் வாங்கி அந்த நூலைக் கொண்டுவந்தார். மறு வருடமே, வேலைக்காக வடக்கே ஷ்வெரினுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். அவருடைய நூலை இந்தப் பட்டியலில் வைப்பதற்குக் காரணம், அவர் லீக்டெனாவர் மரபில் வந்தவர் என்பதோடு, இங்கே சொல்லும் நால்வரில் மாணவனுக்குப் பாடம் நடத்தத் தெரிந்தவர் அவர்தான் என்பது. நிலை என்ன, வெட்டு என்ன, அடி எப்படி வைப்பது என்று ஒழுங்காகப் பிரித்துச் சொல்கிறார். எதிராளியின் உடலை நான்கு கால்பகுதிகளாக வகுத்து, எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடிப்பது என்று எண் போட்டு ஒரு படமே கொடுக்கிறார். அந்த எண்களைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தனியாகவே அரை மணி நேரம் வெட்டிப் பழகலாம். குறையும் உண்டு. அவருடைய லாங்ஸ்வார்ட் பெரும்பாலும் பள்ளிக்கூட விளையாட்டுக்கானது, குத்து அதில் பின்னுக்குப் போய்விட்டது. இடைக்காலச் சண்டை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்தவர் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467 சுவடியைப் பற்றி ஒரு வரி. படங்கள் அபாரம். குழிக்குள் நிற்கும் கணவனும் துணியில் கல்லைக் கட்டிய மனைவியும் மோதி வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் சண்டைப் பக்கங்களை எல்லோரும் பகிர்கிறார்கள். ஆனால் விளக்கம் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. ரசியுங்கள், அதில் கற்கத் தொடங்காதீர்கள்.

சுவடிக்கும் உங்களுக்கும் நடுவில் யார்

பக்கத்தில் கிளப் இருந்தால் அங்கே போங்கள். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. நீங்கள் விரும்பும் ஆசான் ஃபியோரே, அந்தக் கிளப் பழகுவது லீக்டெனாவர் என்றாலும் போங்கள். எதிரே நிற்கும் ஆள் தரும் எதிர்ப்பை எந்தப் புத்தகமும் தர முடியாது. நியூரம்பர்க் சுவடியை எழுதியவர் இன்னொன்றும் சொல்கிறார்: கலை இல்லாமலே பயிற்சி பயன்படும், பயிற்சி இல்லாமல் கலை பயன்படாது. மருந்துக் குறிப்புகளும் இரும்பைக் கெட்டிப்படுத்தும் முறைகளும் கலந்து கிடக்கும் ஒரு தொகுப்பில் அவர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1389 என்று அந்தச் சுவடிக்கு ரொம்ப நாள் தேதி சொல்லி வந்தார்கள். இப்போது அது கேள்விக்குள்ளாகிவிட்டது. அவர் சொன்ன விஷயத்தை மட்டும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என் தோள் ஒத்துக்கொள்கிறது.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பயிற்சியாளரிடம் "இது எந்த நூலில், எந்த இடத்தில் வருகிறது?" என்று கேளுங்கள். உடனே பக்கத்தைத் திறந்து காட்டினால் நல்ல இடம். "இந்த இடத்தில் நூல் தெளிவாக இல்லை, இது என் யூகம்" என்று சொன்னால் அதைவிட நல்ல இடம். அப்படிக் கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, போட்டிக்காக மட்டுமே பழகும் கிளப்புகள் உண்டு. வேகமும் தூரக் கணிப்பும் அங்கே பிரமாதமாக வரும், ஆனால் புள்ளி வாங்கித் தரும் நான்கைந்து வெட்டுகளோடு கலை சுருங்கிவிடும். போட்டி கெட்டது என்று சொல்லவில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்கில் நடக்கும் ஸ்வார்ட்ஃபிஷ் மாதிரியான போட்டிகளின் பதிவைப் பார்த்தால், எதிர்க்கும் ஆளிடம் எந்த உத்தி உண்மையில் பலிக்கிறது என்பது தெரியும். சுவடியைப் படிப்பதற்கே அது உதவும்.

வீடியோவுக்கு வருவோம். இலவசம், எந்நேரமும் கிடைக்கும், அசைவைக் கண்ணால் பார்க்கலாம். லண்டனின் ஸ்கோலா கிளாடியட்டோரியா சேனலில் ஆயுதங்களின் எடை, வடிவம், பயன்பாடு பற்றிய பேச்சுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாள் என்ற பொருளைப் புரிந்துகொள்ள நல்ல இடம். பயிற்சியாளர் ரோலாண்ட் வார்செகாவின் வாள்-பக்ளர் வீடியோக்களை மெதுவாகப் பார்த்தால், ஒட்டிய வாளில் நடக்கும் சின்ன அழுத்தங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் வீடியோவை மட்டும் நம்பி நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ட்ஸ்வெர்க்ஹாவ் என்ற கிடைவெட்டை முதலில் ஒரு சின்ன வீடியோவில்தான் பார்த்தேன். கைப்பிடி தலைக்கு முன்னால் உயர்ந்து நிற்க, அலகு காற்றாடிபோலக் கிடையாகச் சுழலும் வெட்டு. ஆசையாக இருந்தது. இரண்டு வாரம் தினமும் நூறு முறை செய்தேன். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்த வீடியோவைப் படம் பிடித்த கோணத்தில் கட்டை விரல் தெரியவே இல்லை. ரிங்கெக்கின் உரையில் அது ஒரே வரியில் இருக்கிறது: கட்டை விரல் அடியில் இருக்கட்டும். அதாவது வாளைக் கையில் கொஞ்சம் திருப்பி, கட்டை விரல் அலகின் பட்டைப் பக்கத்தைக் கீழிருந்து தாங்க வேண்டும். அப்படிப் பிடித்ததும் மணிக்கட்டு மடங்கவில்லை, வாள் தானாகச் சுழன்றது. அன்றிலிருந்து எந்த வீடியோவையும் பக்கத்தில் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பு என்றதும் விக்டெனாவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லீக்டெனாவரின் பெயரையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்ட இணையக் களஞ்சியம் அது. சுவடிப் படங்கள், எழுத்துப்பெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் பக்கம் பக்கமாக, பத்தி பத்தியாக அருகருகே. ஒரே பத்தி வெவ்வேறு பிரதிகளில் எப்படி மாறுகிறது என்பதையும் வரிசையாகப் பார்க்கலாம். காசு கிடையாது. இந்தத் துறையில் எதையாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், வாளைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்வேன்.

அதிலும் எச்சரிக்கை தேவை. மொழிபெயர்ப்பும் ஒருவர் கொண்ட பொருள்தானே. ஃபியோரே மூன்று வகைத் திருப்பம் சொல்கிறார். அதில் முதலாவது வோல்டா ஸ்டாபிலே, நிலைத்த திருப்பம். அசையாமல் நின்றபடியே ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் ஆடலாம் என்பதுதான் மூலத்தில் இருப்பது. இதைப் படித்த ஒரு சாரார், பாதத்தின் முன்பகுதியில் லேசாகத் திரும்பி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது என்கிறார்கள். இன்னொரு சாரார், பின்னால் இருப்பவனைப் பார்க்கும் அளவுக்கு முழுசாகத் திரும்புவது என்கிறார்கள். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கெட்டி பிரதிக்குக் காலின் ஹாட்சர் செய்தது விக்டெனாவரில் இருக்கிறது. டாம் லியோனி செய்தது அச்சில் கிடைக்கிறது. இரண்டும் விலகும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நீங்கள் எழுந்து நின்று செய்து பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

விளக்க நூல்கள், அதாவது இன்றைய பயிற்சியாளர்கள் சுவடியை எடுத்துப் பாடத்திட்டமாக மாற்றி எழுதியவை, தனியாகத் தொடங்குபவருக்குப் பெரிய ஊன்றுகோல். கிறிஸ்டியன் ஹென்றி டோப்ளர் 2001-இல் ரிங்கெக்கை வைத்து எழுதிய நூலும், ஃபின்லாந்தில் வாள்வித்தைப் பள்ளி நடத்திய கய் விண்ட்சர் இத்தாலிய மரபை வைத்து எழுதிய நூல்களும் பலரை இந்தக் கலைக்குள் கொண்டுவந்தன. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தத் துறை வேகமாக நகர்கிறது. இருபது வருடத்துக்கு முன் எழுதிய விளக்கத்தை எழுதியவரே பின்னால் மாற்றிக்கொள்வது சகஜம். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் கால் வைப்பைப் புதிய பாடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்திச் சேரும் இணைய வகுப்புகள் கிளப்புக்கும் வீடியோவுக்கும் நடுவில் நிற்கின்றன. உங்கள் பயிற்சியைப் படம் பிடித்து அனுப்பினால் திருத்தித் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். திருத்தம் இல்லாத வகுப்பு, காசு கொடுத்துப் பார்க்கும் வீடியோ, அவ்வளவுதான்.

ஆயுதத்தைத் தெரிந்துகொள்ள

வாள்வித்தை வேறு, வாளைப் பற்றிய அறிவு வேறு. இரண்டாவதுக்கு ஈவார்ட் ஓக்ஷாட்டைத் தவிர்க்க முடியாது. இடைக்கால வாள்களை அலகின் வடிவம், நடுவில் ஓடும் பள்ளம், கைப்பிடியின் அமைப்பு ஆகியவற்றை வைத்து பத்திலிருந்து இருபத்திரண்டு வரை ரோமன் எண்ணிட்டு வகைப்படுத்தியவர். 1964-இல் வந்த அவருடைய நூலும் 1991-இல் வந்த பதிவேடும் இன்றைக்கும் கைநூல்கள். அகலமான, தட்டையான அலகு ஏன் மெல்ல மெல்லக் கூர்மையான, விறைப்பான அலகாக மாறியது என்ற கேள்விக்கு, எதிரே இருப்பவன் அணிந்த கவசம் மாறியது என்ற பதில் அந்த வரிசையில் கண்ணெதிரே தெரியும். ஒரு லாங்ஸ்வார்டின் எடை பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோவுக்குள்தான். பத்து கிலோ இரும்பைத் தூக்கிச் சுழற்றினார்கள் என்று இன்னும் நம்புபவர்கள் இருக்கிறார்கள்.

லீட்ஸின் ராயல் ஆர்மரீஸ், லண்டனின் வாலஸ் கலெக்ஷன் இரண்டிலும் நுழைவு இலவசம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஆயுதசாலையில் 30,000-த்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களும் கவசங்களும் பழைய கட்டடத்திலேயே அடுக்கிக் கிடக்கின்றன. போனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். நேரே பார்த்தால் அலகின் அகலம்தான் தெரியும். பக்கவாட்டில், கைப்பிடிக்கு அருகே கனமாகத் தொடங்கி முனையில் மெலிந்து போவது தெரியும். அந்த மெலிவுதான் வாளைக் கைக்கு லேசாக்குகிறது, எந்தப் படமும் அதைக் காட்டுவதில்லை.

உங்களுக்கு எது

வாரம் ஒருநாள் போய்வரும் தூரத்தில் கிளப் உள்ளவர்: கிளப், கூடவே அந்தக் கிளப் பழகும் நூலின் மொழிபெயர்ப்பு விக்டெனாவரில். வேறெதுவும் முதல் வருடத்துக்கு வேண்டாம். இரண்டாவது ஆசானைத் தொட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஃபியோரேவின் ஒரு நிலையும் லீக்டெனாவரின் ஒரு வெட்டும் கலந்தால் இரண்டும் விளங்காது.

கிளப் இல்லை, ஆனால் ஆர்வமுள்ள ஒரு நண்பரோ தம்பியோ இருக்கிறார் என்றால் ஃபியோரேவின் கெட்டி பிரதி. மல்லுப்பிடி, குத்துவாள் பகுதிகளில் தொடங்குங்கள். ஒரு மரக் குத்துவாளும் தரையில் ஒரு பாயும் போதும். ஆறு மாதம் அதில் இருந்துவிட்டு வாளுக்குப் போனால், வாள் பகுதியில் வரும் பிடிகளும் பறிப்புகளும் பழகிய முகங்களாக இருக்கும்.

யாருமே இல்லை, தனி ஆள் என்றால் மையரின் எண்வரிசையும் ஒரு விளக்க நூலும். கைப்பேசியில் உங்களையே படம் பிடித்து வாரம் ஒருமுறை பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்காவது இரண்டு நாள் பயிலரங்கு நடந்தால் பயணச் செலவைப் பார்க்காமல் போய்விடுங்கள். அங்கே இன்னொருவர் வாளோடு உங்கள் வாள் ஒட்டி நிற்கும் பத்து நிமிடம், வீட்டில் பழகிய பத்து மாதத்தில் எது சரி, எது தப்பு என்று சொல்லிவிடும்.

பொருள் வாங்குவதில் என் வரிசை: மாஸ்க், தொண்டைக் காப்பு, கையுறை, அப்புறம்தான் வாள். நைலான் வாள் மலிவு, தொடக்கத்துக்கு வெட்டும் நடையும் பழகப் போதும். ஆனால் வாளோடு வாள் மோதும்போது நைலான் துள்ளி விலகிவிடும். ஒட்டி நின்று உணர்வது அதில் வராது. லீக்டெனாவரைப் பழகுபவர்கள் அதனால்தான் சீக்கிரமே ஃபெடருக்கு மாறுகிறார்கள். ஃபெடர் என்பது மெல்லிய அலகும், கைப்பிடிக்கு மேலே அகன்ற தட்டும், குத்தும்போது வளைந்துகொடுக்கும் முனையும் உள்ள பயிற்சி வாள். ஃபெடர் வந்துவிட்டால் கையுறையில் மிச்சம் பிடிக்க முடியாது. இரும்பு விரலில் பட்டால் எலும்பு முறியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள வாள், குத்துவாள் போன்றவை ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து கூரான வாளை வரவழைக்கும் முன் உங்கள் ஊர் நிலவரத்தைக் காவல் நிலையத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் மரமும் நைலானும் போதும். ஃபியோரேவின் முதல் பாதிக்கு அதுகூட வேண்டியதில்லை. ஒரு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு இன்றைக்கே முதல் ஆசானின் பக்கத்தைத் திறக்கலாம்.